பதினொன்றாம் சுற்றில் எடுத்த ஆள்

எங்கள் ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்கில் பன்னிரண்டு பேர். எட்டுப் பேர் அமெரிக்காவில், பெரும்பாலும் பென்சில்வேனியா பக்கம். நாலு பேர் இங்கே: இரண்டு பேர் பெங்களூரு, ஒருவர் ஓசூர், நான் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். போன வாரம் குரூப்பில் ஒருவர் என்னிடம் கேட்டார். "ஜேம்ஸ் கானரை இன்னும் ஏன் டீமில் வைத்திருக்கிறீர்கள்? இந்த சீசனில் இனி அவர் ஆடப்போவதில்லை என்று செப்டம்பரிலேயே தெரிந்துவிட்டதே. அந்த இடத்தில் வேறு யாரையாவது எடுக்கலாமே." நியாயமான கேள்விதான். "இருக்கட்டும், வைத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். முழுசாகச் சொல்ல அங்கே இடம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஃபேண்டஸி ஃபுட்பால் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது காலால் உதைக்கும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அவர்களுடைய என்எஃப்எல்லில் 32 அணிகள். செப்டம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை வாரா வாரம் ஆட்டம். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் ஆன்லைனில் உட்கார்ந்து, அந்த 32 அணிகளில் இருக்கும் வீரர்களை ஆளுக்கு ஒருவராகச் சுற்று சுற்றாக எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் டிராஃப்ட். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. அதன்பிறகு நம் ஆட்கள் நிஜ ஆட்டத்தில் என்ன செய்கிறார்களோ அதுதான் நம் புள்ளி. பத்து யார்டு முன்னேறினால் ஒரு புள்ளி (யார்டு என்றால் நம் கெஜம்தான்). பாஸை, அதாவது எறிகிற பந்தைப் பிடித்தால் ஒன்று. டச்டவுன் போட்டால், அதாவது பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் ஆறு. பந்தைத் தவறவிட்டு எதிரணி எடுத்துக்கொண்டால் இரண்டு குறையும். யாரும் பணம் கட்டுவதில்லை. ஜெயித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வருடம் ஒரு சின்னக் கிரீடம் இருக்கும், அவ்வளவுதான்.

கானர் ஒரு ரன்னிங் பேக். ரன்னிங் பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு நேராக ஆட்கள் நிற்கிற இடத்துக்குள்ளேயே ஓட வேண்டியவர். நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற ஆட்கள் முன்னால் சுவர் மாதிரி நிற்பார்கள். அதில் சந்து கிடைத்தால் சந்து. கிடைக்காவிட்டால் இடித்துக்கொண்டு மூன்று யார்டாவது எடுத்துக்கொண்டு விழ வேண்டும்.

நான் மெடிக்கல் பில்லிங்கில் வேலை செய்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் இன்சூரன்ஸ் கிளெய்ம்களை ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை. 2016 முதல் என் டீமுக்கு வந்தது புற்றுநோய் கிளினிக்குகளின் கிளெய்ம். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கோடு (குறியீட்டு எண்) உண்டு. சி81 என்றால் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, ஒரு வகைப் புற்றுநோய். ஜே9000 என்றால் டாக்ஸோரூபிசின். ஜே9040 பிளியோமைசின், ஜே9360 வின்பிளாஸ்டின், ஜே9130 டகார்பசின். இந்த நாலும் சேர்ந்து ஒரே தேதியில் வந்தால் அது சி81 ஆகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யாரோ ஒருவருடைய உடம்பு என்ற நினைப்பே இல்லாமல் அந்த எண்களை இரண்டு வருடம் அடித்திருக்கிறேன்.

2017 தீபாவளிக்கு அப்புறம் என் தம்பியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. அப்போது அவனுக்கு 22 வயது. பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர்க் கபடி டீமில் அவன்தான் முதல் ரைடர். காட்டிய இடத்தில் டிபி கட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் தவறாமல் சாப்பிட்டான். கட்டி குறையவில்லை, எடை குறைந்தது. ராத்திரியில் வேர்த்து பாய் நனைந்துவிடும். மார்ச்சில் பெங்களூருவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கட்டியிலிருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது அப்பாவும் அம்மாவும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு சி81 என்றுதான் காதில் விழுந்தது. சிகிச்சைத் தாளில் நாலு மருந்து. நாலுக்கும் கோடு எனக்கு மனப்பாடம்.

மொத்தம் பன்னிரண்டு ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்தத் திங்கட்கிழமைகளில் லீவு வேண்டும் என்று கேட்க, பிட்ஸ்பர்க்கில் இருந்த எங்கள் மேனேஜரிடம் பேசினேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றேன். என்னவென்று கேட்டார். சி81 என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. நாங்கள் இருவரும் தினமும் பேசுகிற பாஷை அது. லீவுக்கு ஏற்பாடு செய்தார். அடுத்த நாள் ஒரு வீடியோ அனுப்பி, "இந்தப் பையன் எங்கள் ஊர். தம்பிக்குக் காட்டு" என்று எழுதியிருந்தார். அதில்தான் ஜேம்ஸ் கானரை முதன்முதலாகப் பார்த்தேன்.

கானர் பென்சில்வேனியாவின் ஈரி என்ற ஊர்க்காரர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். 2014-இல் ஒரே சீசனில் 1,765 யார்டு ஓடி 26 டச்டவுன் போட்டிருக்கிறார். அடுத்த வருடம் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. காலைச் சரிசெய்துகொண்டிருந்த நாட்களில்தான் வேறு ஏதோ சரியில்லை என்று தெரிந்து, 2015 டிசம்பரில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று கண்டுபிடித்தார்கள். அவருக்கு அப்போது இருபது வயது. கீமோ எடுத்துக்கொண்டே முகமூடி போட்டுக்கொண்டு டீமோடு பயிற்சிக்குப் போனார். 2016 மே மாதம் நோய் போய்விட்டது என்று சொன்னார்கள். அந்த செப்டம்பரிலேயே திரும்ப ஆட வந்து, 1,092 யார்டு ஓடினார். 2017-இல் என்எஃப்எல் அணிகள் நிஜமாகவே புது வீரர்களை எடுக்கிற டிராஃப்டில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில், 105-ஆவது ஆளாக எடுத்தது.

தம்பி அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. என் போனை வாங்கிக்கொண்டு போவான், அப்புறம் திரும்பத் தருவான். கீமோ நாட்களில் எங்களுக்குள் பேச்சு குறைவு. விடியற்காலை நாலு மணிக்கு கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று போய் எட்டு மணிக்கு முன் வரிசையில் நிற்க வேண்டும். முதல் மருந்து சிவப்பாக இருக்கும், ரோஸ்மில்க் நிறம். அதை நர்ஸ் கையாலேயே மெதுவாகச் செலுத்துவார். தம்பி அந்தப் பக்கம் பார்க்க மாட்டான். திரும்பி வரும்போது ஓசூர் தாண்டுவதற்குள் வாந்தி. வீட்டில் தாளிக்கிற வாசனை வந்தால்கூடப் பின்கட்டுக்கு ஓடிவிடுவான். கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, கூடவே நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு. அது ஒன்றுதான் உள்ளே நின்றது. களி என்றால் மூன்று உருண்டை சாப்பிடுகிற பையன்.

அந்த ஆகஸ்டில் எங்கள் ஆபீஸ் லீக்கில் ஓர் ஆள் குறைந்தது. நீ வருகிறாயா என்று மேனேஜர் கேட்டார். எனக்கு விதி எதுவும் தெரியாது. சரி என்றேன், கானர் என்ற ஒரு பெயர் தெரியும் என்பதற்காக. அவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி டிராஃப்ட், நமக்கு ஞாயிறு காலை ஆறரை. தம்பி வாசல் திண்ணையில் போர்வை போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறையும் தொண்ணூறு விநாடி தருவார்கள். நான் லிஸ்டில் மேலே இருக்கிற பெயரையே அழுத்திக்கொண்டு வந்தேன்.

ஸ்டீலர்ஸில் அப்போது பெரிய ரன்னிங் பேக் லெவியான் பெல். சம்பளத் தகராறில் அவர் பயிற்சிக்கு வராமல் இருந்தார். முந்தைய வருடமும் அப்படித்தான் இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் வந்து ஆடினார், இப்போதும் வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதனால் கானரை யாரும் தொடவில்லை. பத்துச் சுற்று முடிந்தது. பதினொன்றாம் சுற்றில் என் முறை வந்தபோது தம்பி கையை நீட்டி அவனே அந்தப் பெயரை அழுத்தினான். "பதினொண்ணாவது ரவுண்டா? எனக்கும் நாளைக்குப் பதினொண்ணாவது ஊசிக்கா" என்றான்.

பெல் வரவில்லை. அந்த வருடம் முழுக்கவே வரவில்லை.

செப்டம்பர் 9, ஞாயிறு. கிளீவ்லேண்டில் ஸ்டீலர்ஸுக்கு முதல் ஆட்டம். நமக்கு ராத்திரி பத்தரை மணி. மறுநாள் தம்பிக்குக் கடைசி ஊசி. மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும், தூங்கு என்று அம்மா இரண்டு முறை வந்து சொன்னார். அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கும்தான். ஆட்டத்தைப் பார்க்க வழியில்லை. ஆப்பில் எண் மட்டும் மாறும். கானர் பெயருக்கு நேரே 0.4 என்று இருந்தது 1.1 ஆனது. பிறகு ஒரே தாவலாக ஆறு கூடியது. "என்னா ஆச்சு?" என்றான். டச்டவுன் என்றேன். அந்த வார்த்தையை அவனிடம் முதல் தடவையாக அன்றைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நாலாவது பாகத்தில் 21-7 என்று ஸ்டீலர்ஸ் முன்னால் இருந்தபோது கானர் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார்கள், எதிரணி எடுத்துக்கொண்டது. புள்ளி இரண்டு இறங்கியது. ஆட்டமே அங்கிருந்து திரும்பி, கூடுதல் நேரமும் போய், 21-21 என்று சமனில் முடிந்தது. 31 முறை பந்தை வாங்கி ஓடியிருந்தார், 135 யார்டு. பாஸ் பிடித்ததில் 57 யார்டு. மணி இரண்டு தாண்டிவிட்டது. தம்பி சொன்னது ஞாபகம் இருக்கிறது. "பந்தை விட்டப்புறமும் இவருக்கே குடுத்தாங்களாக்கா?" ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பல் தேய்த்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தான்.

அந்த வருடம் 13 ஆட்டத்தில் 973 யார்டு, 12 டச்டவுன் ஓடி எடுத்தார். பதினொன்றாம் சுற்றில் எடுத்த ஆளை வைத்துக்கொண்டு, விதி தெரியாத நான் பிளேஆஃபுக்குப் போனேன். அங்கே போனபோது அவருக்குக் கணுக்காலில் அடிபட்டு மூன்று வாரம் ஆடவில்லை. அரையிறுதியில் தோற்றேன்.

இதுவரை சொன்னது ஏன் எடுத்தேன் என்பது. அப்புறமும் ஏன் எடுத்துக்கொண்டே இருக்கிறேன் என்பது வேறு. நோயிலிருந்து வந்தவர் என்கிற இரக்கம் என்று நினைப்பவர்கள் லீக்கில் உண்டு. இல்லை. ஏழு வருடமாக அவர் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், இவரை எல்லோரும் குறைத்தே எடைபோடுகிறார்கள்.

எங்கள் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிற முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தை, மாசியில் மரம் பூத்து நிற்கும்போதே வியாபாரி தோப்புக்கு வருவார். பூ எப்படி வைத்திருக்கிறது என்று பார்ப்பார், போன வருடக் காய்ப்பைக் கேட்பார், மரத்தின் வயதைக் கேட்பார். ஒரு பிஞ்சுகூடக் கண்ணில் படாத நேரத்தில் மொத்தத் தோப்புக்கும் விலை முடிந்துவிடும். "பூவுக்குத்தான் விலை பேசறோம், காய்க்கு இல்ல" என்பார் அப்பா. டிராஃப்ட் அதுதான். ஜூலையிலிருந்தே நிபுணர்கள் லிஸ்ட் போடுவார்கள், யார் எந்தச் சுற்றில் போவார் என்று. லிஸ்டில் இளம் பையன்களுக்குப் பூ அதிகம். ரன்னிங் பேக் என்றால் 27, 28 வயதைத் தாண்டினால் விலை சரியும். அடிபட்ட கணக்கு இருந்தால் இன்னும் சரியும்.

கானருக்கு இரண்டும் உண்டு. நான் மறைக்கவில்லை. இன்றுவரை ஒரு சீசனைக்கூட ஆட்டம் தவறாமல் முழுசாக ஆடியதில்லை. 2019-இல் எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்தார்கள், நானும் முதல் சுற்றிலேயே எடுத்தேன், அந்த வருடம் பத்து ஆட்டம், 464 யார்டு. நான் பத்தாவது இடம். ஆனால் அப்புறம் நடந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2021-இல் ஸ்டீலர்ஸ் அவரை விட்டுவிட, ஒரே ஒரு வருட ஒப்பந்தத்தில் அரிசோனா கார்டினல்ஸுக்குப் போனார். அங்கே சேஸ் எட்மண்ட்ஸ்தான் முதல் ஆள், இவர் துணைக்கு என்று லிஸ்டில் பின்னால் தள்ளினார்கள். 15 டச்டவுன் ஓடியும், 3 பிடித்தும் போட்டார், மொத்தம் 18. 2023-இல் 28 வயது, இனி இறக்கம்தான் என்றார்கள். 13 ஆட்டத்தில் 1,040 யார்டு. என்எஃப்எல்லில் அதுதான் அவருக்கு முதல் ஆயிரம். 2024-இல் 29 வயது, பின்னாலேயே டிரே பென்சன் என்று ஒரு புதுப் பையனையும் எடுத்துவிட்டார்கள். 1,094 யார்டு.

எங்கள் தோப்பில் பாதி பெங்களூரா மரம். ஊருக்கு வருகிறவர்கள் அல்போன்சா இருக்கிறதா, மல்கோவா இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். பெங்களூராவை யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. அது லாரியில் ஏறி மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும். ஆனால் எங்கள் படிப்புச் செலவு அதிலிருந்துதான் வந்தது. பெங்களூரு போய்வந்த பஸ் டிக்கெட்டும் அதிலிருந்துதான்.

கானரின் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது நீண்ட ஓட்டங்கள் இல்லை. ஆறடி ஓரங்குல உயரம், 105 கிலோ. வேகத்தில் அவரைவிட வேகமானவர்கள் நிறைய. இடுப்பைப் பிடித்தபிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒருவன் இடுப்பில், இன்னொருவன் தோளில் தொங்குவான். கால் மட்டும் நிற்காது, சின்னச் சின்ன அடியாக உழுதுகொண்டே இருக்கும். விழும்போது உடம்பு முன்னால் விழும், பந்து இருக்கிற கை இன்னும் முன்னால் போகும். தம்பிதான் இதை முதலில் சொன்னான். "இது ரைடுதாங்கா. புடிச்சிட்டாங்கன்னு தெரிஞ்சாலும் நடுக்கோட்டைத் தொடறதுக்கு இழுப்போம் பாரு, அது." அவன் சொன்னபிறகு எனக்கு வேறு மாதிரி பார்க்கவே வரவில்லை. ஒரு ஆட்டத்தில் இருபது முறை அப்படி விழுந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு யார்டு கூடக் கிடைத்தாலும் எனக்கு இரண்டு புள்ளி. எங்கள் லீக்கில் ஒரு புள்ளிக்குக் குறைவான வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களை நானே நாலைந்து பார்த்திருக்கிறேன்.

அரிசோனாவுக்குப் போனபிறகு எங்களுக்கு நேரம் மோசம். அவர்கள் மேற்குப் பக்கம், அதனால் சொந்த ஊர் ஆட்டம் பெரும்பாலும் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:35-க்கு அல்லது 1:55-க்கு. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 2:35, 2:55 ஆகிவிடும். 2021 நவம்பர் 7 ஆட்டம் அப்படித்தான், திங்கள் விடிகாலை மூன்றுக்கு ஐந்து நிமிடம். தீபாவளிக்கு வந்த தம்பி இன்னும் ஷிப்டுக்குத் திரும்பவில்லை. முறுக்கு டின்னை நடுவில் வைத்துக்கொண்டு சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஆட்டத்தை லேப்டாப்பில் பார்த்தோம். கார்டினல்ஸில் பந்தை எறியும் ஆளான கோல்ட் மெக்காய் ஒரு குட்டிப் பாஸ் போட்டார். கானர் வாங்கித் திரும்பி, வழியில் ஒவ்வொருவராக உதறிவிட்டு 45 யார்டு ஓடி டச்டவுன். அன்றைக்கு மட்டும் மூன்று. தண்ணீர் குடிக்க எழுந்துவந்த அம்மா நின்று பார்த்தார். எங்கள் மாவட்டத்தில் பொங்கல் கழிந்தால் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. அம்மா சின்ன வயதிலிருந்து பார்த்தவர். "எருது விட்டா கூட்டமாவது ஒதுங்கி வழி விடும். இந்தப் புள்ளைக்கு ஒருத்தனும் வழி விட மாட்டேங்கிறான், பாவம்" என்றார். அதிலிருந்து அம்மாவுக்குக் கானர் "அந்தப் புள்ள"தான்.

2023 டிசம்பர் 31-ஐ நான் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் லீக்கின் இறுதிப்போட்டி 17-ஆவது வாரம். நான் இறுதியில். கார்டினல்ஸ் அதுவரை ஆடிய 15-இல் மூன்றுதான் ஜெயித்திருந்தது. எதிரணி பிலடெல்பியா ஈகிள்ஸ், அவர்கள் ஊரிலேயே ஆட்டம். கானரை உட்கார வைத்துவிட்டு வேறு ஆளை இறக்கு என்று குரூப்பில் இரண்டு பேர் அன்போடுதான் சொன்னார்கள். நான் மாற்றவில்லை.

ஆட்டம் நமக்கு ராத்திரி பதினொன்றரைக்கு. பன்னிரண்டு மணிக்குத் தெருவில் வெடி. வாசலில் அம்மாவும் சித்தியும் கலர்ப்பொடியில் புத்தாண்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் நடை திறந்து மைக்கில் பாட்டு. இடைவேளையில் கார்டினல்ஸ் 6, ஈகிள்ஸ் 21. நான் லேப்டாப்பை மூடிவிட்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். தம்பி போகவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். அதே திண்ணை. அந்த செப்டம்பரில்தான் அவனுக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் முடிந்திருந்தது. இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடி பழையபடி அடர்த்தியாகிவிட்டது. நெற்றியில் நான் விபூதி பூசிவிட்டபோது குனிந்துகொடுத்தான், கண் திரையிலேயே இருந்தது.

இரண்டாம் பாதியில் கார்டினல்ஸ் விடாமல் துரத்தினார்கள். கானர் ஒற்றைக் கையால் ஒரு பாஸைப் பிடித்து டச்டவுன் போட்டிருந்தார், ஓட்டத்திலும் நூறைத் தாண்டியிருந்தார். கடைசியில் ஈகிள்ஸ் 31-28 என்று முன்னால். லீக்கில் என் எதிராளியை எட்ட எனக்கு அப்போது 2.8 புள்ளி பாக்கி. மற்ற என் ஆட்கள் எல்லோரும் ஆடி முடித்துவிட்டார்கள். பந்து கோட்டுக்கு இரண்டு யார்டு தூரத்தில். யாருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அந்த மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கானரிடம்தான் கொடுத்தார்கள். உள்ளே போனார். 32 விநாடி மிச்சம். 35-31.

அந்த ஆட்டத்தில் 128 யார்டு, இரண்டு டச்டவுன். நான் 3.4 புள்ளியில் ஜெயித்தேன். தம்பி கத்திய கத்தலில் புத்தாண்டுக்குத்தான் கத்துகிறான் என்று எதிர்வீட்டுத் தாத்தா, "உனக்கும் நல்லா இருக்கட்டும்டா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இந்த 2025 சீசனில் அவருக்கு 30 வயது. டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் எடுத்தேன், லிஸ்ட் சொன்னதைவிடக் கொஞ்சம் முன்னாடியே. யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயம். மூன்றாவது ஆட்டம், செப்டம்பர் 21, சான்பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக, அவர்கள் மைதானத்தில். நமக்குத் திங்கள் விடிகாலை. கானரின் காலில் ஆட்கள் விழுந்தார்கள், அவர் எழவில்லை. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். போகும்போது இரண்டு அணியிலிருந்தும் வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். சீசன் முடிந்தது, அறுவை சிகிச்சை என்று பிறகு செய்தி வந்தது.

அடிபட்ட வீரரை வைத்துக்கொள்ள எங்கள் லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் ஐஆர் என்று ஒரே ஓர் இடம் தருவார்கள். பாஸ் பிடிக்கிற ஆளான என் வைட் ரிசீவர் ஒருவருக்கும் இப்போது தொடையில் அடி. மூன்று வாரத்தில் வந்துவிடுவார். கானரை விட்டால் அவரை அங்கே வைக்கலாம். குரூப்பில் சொன்னது அதைத்தான். கணக்குப்படி அதுதான் சரி. நான் ரிசீவரை விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அவருக்கு நன்றாக ஆடட்டும்.

தம்பி இப்போது அதே ஃபேக்டரியில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் இன்னும் போன் செய்கிறான். ஸ்கோர் கேட்பதில்லை. "அந்தப் புள்ள நடக்க ஆரம்பிச்சிட்டாராமா?" என்று அம்மாவின் வார்த்தையிலேயே கேட்கிறான். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். அப்புறம் வைத்துவிட்டு, அந்த வாரத்துக்கு மற்றவர்களை அடுக்கி, ஐஆர் கட்டத்தைத் தொடாமல் ஆப்பை மூடுகிறேன். அடுத்த ஆகஸ்ட் டிராஃப்டுக்கு ஞாயிறு காலை லீவு சொல்லிவிடுவதாக அவனே நேற்று சொன்னான். அப்பா திண்ணைக்குப் புதுசாகப் பூச்சு போட்டிருக்கிறார்.